அலையை வரைவதா, அலையின் வேலையைத் தகட்டிடம் கொடுப்பதா? (அரூப அச்சோவியமும் இயற்கையைப் பார்த்தலும்)

#1 பாசிமணல்

தகட்டிலோ பலகையிலோ மை ஏற்றித் தாளில் அழுத்திப் படம் எடுப்பவர்கள் அச்சோவியர்கள். அவர்களில் பொருளின் உருவத்தைக் காட்டாத அரூப அச்சோவியர்களைப் பற்றிய கண்காட்சிக் குறிப்பு எதை எடுத்தாலும் "இயற்கையை உற்றுநோக்கியதன் வெளிப்பாடு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியோடு குறிப்பும் முடிந்துவிடும். பார்த்தது என்ன, அது தகட்டுக்கு எப்படிப் போனது என்று யாரும் சொல்வதில்லை.

ஓவியர் என்றால் புரிகிறது. கையில் தூரிகை, எதிரில் குளம். அச்சோவியருக்கு நடுவில் தகடு, அமிலம், மை, பிரஸ், ஈரத்தாள் என்று ஐந்து பேர் நிற்கிறார்கள். காலையில் பார்த்த அலை தாளில் ஏற மூன்று வாரம்கூட ஆகலாம். இத்தனையையும் தாண்டி எது மிஞ்சுகிறது?

கேள்விகள்:
1. பார்க்கும் இடத்தில் எதைக் குறித்துக்கொள்வது?
2. பார்த்தது எந்தக் கட்டத்தில் தகட்டு வேலையாக மாறுகிறது?
3. இலையை அப்படியே தகட்டில் அழுத்தி எடுத்தால் அது அரூபம் ஆகுமா, தாவரவியல் மாதிரி ஆகுமா?

பொதுவாகப் பேசாமல் செய்முறையோடு பேசினால் நல்லது.

#2 செம்புத்தகடு

கிருஷ்ண ரெட்டியிலிருந்து தொடங்கலாம். இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சித்தூர் பக்கம் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். அங்கே செடி கொடி பூச்சிகளைப் பார்த்து வரைவது தினசரிப் பயிற்சி. 1940களின் இறுதியில் மெட்ராஸ் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பிறகு லண்டனில் ஹென்றி மூர், பாரிஸில் சாட்கின் என்று சிற்பிகளிடம் பயிற்சி. அதன் பிறகுதான் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் அத்தெலியே 17 அச்சோவியப் பட்டறை. இந்த வரிசை முக்கியம். தகட்டை அவர் படம் வரையும் பரப்பாகப் பார்க்கவில்லை, தாழ்ந்த புடைப்புச் சிற்பமாகப் பார்த்தார். பியூரின் (உலோகத்தில் கோடு வெட்டும் உளி), சுரண்டி, மின்கருவி எல்லாவற்றாலும் குடைவார்.

1963இல் வந்த "சுழி" என்ற அச்சோவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ச்சுழி என்று நினைத்தால் நீர்ச்சுழி, விண்மீன் கூட்டம் என்று நினைத்தால் அதுவும்தான். கரை இல்லை, நுரை இல்லை, துளி இல்லை. மட்டம் மட்டமாக இறங்கும் உலோகமும், அந்தச் சரிவுகளில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம்பிடிக்கும் மைகளும்தான் இருக்கின்றன. நீர் பள்ளம் பார்த்துப் போகும். அந்தத் தகட்டில் நிறமும் பள்ளம் பார்த்துப் போகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு இதுதான் என் பதில். கண்ணால் பார்த்தது உருவமாக இருக்கும்வரை அது ஸ்கெட்ச். "இது எப்படி நடக்கிறது?" என்று கேட்கும்போது தகட்டு வேலை தொடங்குகிறது.

இன்னொன்று. ஹேட்டர் கலைக்கல்லூரி ஆள் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேதியியலும் நிலவியலும் படித்துவிட்டு ஈரானின் அபாதானில் எண்ணெய் கம்பெனி வேலை பார்த்தவர். எண்ணெய் கூடிய மை தன்மேல் எண்ணெய் குறைந்த மையை ஏற்காது என்பது ஒரு வேதியியல்காரர் நடத்திய பட்டறையில் நிறமுறையாக வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

#3 மரவரி

செம்புத்தகடு சொன்னதற்கு ஒரு பழைய வேர் உண்டு. "கலை இயற்கையின் தோற்றத்தையல்ல, அது செயல்படும் விதத்தைப் பின்பற்றுகிறது" என்ற கருத்தை 20ஆம் நூற்றாண்டில் பலர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்தவர், முத்துக்குமாரசாமியின் மகன். அவரும் நிலவியல் படித்தவர்தான்! கருத்தின் மூலம் தாமஸ் அக்வினாஸ். குமாரசாமி வழியாக அதைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் ஜான் கேஜ்.

கேஜ் அச்சோவியரும்கூட. 1978 முதல் கலிஃபோர்னியாவின் கிரவுன் பாயின்ட் பிரஸ்ஸில் வேலை செய்தார். 1983இல் அங்கே செய்த ட்ரைபாயின்ட் (அமிலமில்லாமல் ஊசியால் நேரே தகட்டில் கீறும் முறை) வரிசைக்குக் கியோட்டோவின் ரியோவான்ஜி கல்தோட்டம் ஆதாரம். அந்தத் தோட்டத்தில் 15 கற்கள். கேஜும் 15 கற்களை எடுத்துத் தகட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, சுற்றிலும் ஊசியால் கீறினார். எந்தக் கல்லை எங்கே வைப்பது என்பதை ஐ சிங் என்ற பழைய சீனக் குறிநூல் முறையில் தற்செயலுக்கு விட்டார். கல்லின் படம் அதில் இல்லை. கல் விழுந்து கிடக்கும் விதம் இருக்கிறது.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு: கல்லைச் சுற்றிக் கீறும்போது ஊசி கல்லின் வயிற்றுப்பகுதிக்கு அடியில் சாயும். சாய்வு மாறும் இடத்தில் உலோகப் பிசிறு ஒரு பக்கமாகப் புரளும். கோடு ஓரிடத்தில் வெல்வெட்டாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் வருவது அதனால்தான். அதைத் திருத்தாதீர்கள். செம்பில் இந்தப் பிசிறு 10 முதல் 20 பிரதிவரை தாங்கும். பிறகு பிரஸ் அழுத்தத்தில் படுத்துவிடும்.

#4 உப்புக்காற்று

முதல் கேள்விக்கு வருகிறேன். கரையில் உட்கார்ந்து "அலையை வரை" என்றால் எல்லோரும் வளைவு வளைவாகப் போடுவார்கள். அது ஞாபகத்தில் இருக்கும் அலை. எதிரில் இருப்பதைப் பார்க்க ஒரு நேரத்தில் ஒரே விஷயத்தை மட்டும் குறிக்க வேண்டும்.

அஞ்சலட்டை அளவுத் தாள் 20. ஒவ்வொன்றுக்கும் 30 நொடி. முதல் ஐந்தில் முகடுகளுக்கு இடையிலான தூரம் மட்டும். அடுத்த ஐந்தில் திசை மட்டும். பிறகு வெளிச்சத்தை மூன்றே படிகளில்: வெள்ளை, சாம்பல், கறுப்பு. கடைசி ஐந்தில் இரண்டு அலைகள் சந்திக்கும் இடம் மட்டும்.

முதல் ஐந்து தாளிலேயே ஒன்று பிடிபடும். கரையை நெருங்க நெருங்க முகடுகளின் இடைவெளி குறைகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும். வந்துசேரும் கால இடைவெளி மாறாது. அதனால் நெருக்கியடித்துக்கொண்டு உயர்கிறது. உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது உடைகிறது. இடைவெளி குறுகுவது, உயர்வது, உடைவது மூன்றும் ஒரே காரணத்தின் பிள்ளைகள். இதைப் பார்த்தவர் சமதூரக் கோடு போடமாட்டார். அலையே வரையாமல், இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும் 40 நேர்கோடுகளைப் போட்டாலும் பார்ப்பவர் கால் நனையும்.

மணல் வரிகளும் இப்படித்தான். ஓடும் நீரோ காற்றோ போட்ட வரியில் ஒரு பக்கம் நீளமான சாய்வு, மறுபக்கம் செங்குத்து. செங்குத்துப் பக்கம் ஓட்டம் போகும் திசையைக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வாகச் செதுக்கினால் அது தகரக் கூரை ஆகிவிடும்.

#5 பாசிமணல்

அருமை. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு இதையே வீட்டில் நிதானமாகச் செய்ய முடியாதா?

#6 உப்புக்காற்று

செய்யலாம். ஆனால் 1/500 நொடியில் உறைந்த தண்ணீர் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். இடைவெளி, திசை எல்லாம் பல அலைகளை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் தெரிபவை. ஒரு படத்தில் ஒரு கணம்தான் இருக்கும்.

எதிர்வழக்கும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஓவியர் விஜா செல்மின்ஸ் கடல் பரப்பைப் புகைப்படத்திலிருந்துதான் எடுக்கிறார். 2000இல் அவர் செய்த கடற்பரப்பு மரச்செதுக்கில் அடிவானம் கிடையாது, கரை கிடையாது. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீரான கவனம். புகைப்படத்தை அவர் ஒரு பரப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறார். ஆனால் அது வேறு பாதை. அந்தப் பொறுமைக்குத் தனியாகப் பிறக்க வேண்டும்.

#7 செம்புத்தகடு

ஹேட்டர் பட்டறையின் விஸ்காசிட்டி முறையை (மைகளின் இளக்க வித்தியாசத்தால் ஒரே தகட்டில் பல நிறம் எடுப்பது) படிப்படியாகச் சொல்லச் சொல்லித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன், எல்லோருக்கும் பயன்படும்.

தகடு: செம்போ துத்தநாகமோ, 1.5 முதல் 2 மி.மீ. கனம். 1 மி.மீ. தகட்டில் ஆழமாக அரிக்கப் போனால் ஓட்டை விழும். குறைந்தது மூன்று மட்டம் வேண்டும். முதலில் கோடுகளை வழக்கம்போல் எட்சிங் (அமில அரிப்பு) செய்யுங்கள். பிறகு மேல்மட்டமாக நிற்கவேண்டிய இடங்களை வார்னிஷால் மூடி, மீதியைத் திறந்த அரிப்புக்கு விடுங்கள். நடுமட்டம் வேண்டிய இடத்தைப் பாதியில் எடுத்து மூடுங்கள். மிச்சம் கீழ்மட்டம். நேரக்கணக்கு ஒவ்வொரு தொட்டிக்கும் மாறும். விரல்நகம் தெளிவாகத் தடுக்கும் ஆழம் வந்தால்தான் ரோலர்களுக்கு மட்டம் புரியும். நைட்ரிக் அமிலத்தில் பெரிய பரப்பைத் திறந்துவிட்டால் தொட்டி தானே சூடேறி வேகம் பிடிக்கும். பழுப்புப் புகை தெரிந்தால் உடனே தகட்டை வெளியே எடுங்கள், அறையைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருநாளும் மறுவழியாக இல்லை.

இப்போது எல்லோரும் விட்டுவிடும் வேலை. அமிலம் படிக்கட்டு மாதிரி வெட்டும். படிக்கட்டை அப்படியே விட்டால் அச்சில் நில வரைபடத்தின் சமஉயரக் கோடுகள் மாதிரி, நிறத்துக்கு நிறம் கறாராக நிற்கும். நீர் வேண்டுமானால் சுரண்டியாலும் எமரி தாளாலும் படியைச் சரிவாக்குங்கள். மென்மையான ரோலர் சரிவில் போகப்போகக் குறைவாகத் தொடும். நிறம் கரைந்து போவது அங்கேதான் நடக்கிறது.

ரோலர்: ஒன்று கடினம் (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் அளவில் 50-60), ஒன்று மென்மை (ஷோர் 20-25). சுற்றளவு தகட்டின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 30 செ.மீ. தகட்டுக்கு 10 செ.மீ. விட்டமுள்ள ரோலர் (சுற்றளவு 31.4). சின்ன ரோலர் என்றால் இரண்டாவது சுற்று தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும்.

மை மூன்று:
முதலாவது, குழிகளுக்கான இன்டாலியோ மை. டப்பாவில் இருக்கும் பதம்.
இரண்டாவது, கடின ரோலருக்கு எண்ணெய் கூடிய மை. ஒரு மேசைக்கரண்டி மைக்கு அரை டீஸ்பூன் ஆளிவிதை எண்ணெயில் தொடங்கி, கத்தியிலிருந்து தேன் மாதிரி அறாமல் வழியும்வரை கூட்டுங்கள்.
மூன்றாவது, மென்ரோலருக்குக் கெட்டியான மை. எண்ணெய் சேர்க்கக் கூடாது. இளகினால் ஒரு சிட்டிகை மக்னீசியம் கார்பனேட்.

வரிசை: இன்டாலியோ மையைக் குழிகளில் ஏற்றி, பரப்பு பளிச்சென்று தெரியும்வரை துடையுங்கள். சாதாரண எட்சிங்கில் அழகுக்காக விடும் மெல்லிய படலம் இங்கே விஷம். கடின ரோலரால் எண்ணெய் மையை லேசான கையோடு ஒரே ஓட்டு. அது உயர்ந்த மட்டத்தை மட்டும் தொடும். பிறகு மென்ரோலரால் கெட்டி மையை அழுத்தி ஒரே ஓட்டு. எண்ணெய் மை இருக்கும் இடத்தில் கெட்டி மை ஒட்டாது, பள்ளங்களில் மட்டும் உட்காரும். பிரஸ்ஸில் ஒரே தடவை. மூன்று நிறமும் ஒன்றாக வரும்.

வரிசையை மாற்றினால் முடிவும் மாறும். கெட்டி மை முதலில் போய் அதன்மேல் எண்ணெய் மை வந்தால் ஒதுங்காது, மேலே படர்ந்து கலக்கும். சில நேரம் அதுவே வேண்டியதாக இருக்கும்.

#8 ஈரத்தாள்

முறை சரி. ஆனால் சென்னையில் மே மாதம் இதைச் செய்தால் மூன்று நிறமும் சேர்ந்து ஒரே சேற்று நிறமாக வருகிறதே?

#9 செம்புத்தகடு

வெயில்தான். 35 டிகிரியில் எல்லா மையும் இளகும், கெட்டி மையும் சேர்த்துத்தான். இரண்டு மைக்கும் இடையிலிருந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. காலை ஏழு மணிக்குள் மை போடுங்கள். இல்லையென்றால் எண்ணெயை இன்னும் கூட்டி, கெட்டி மையில் மக்னீசியத்தைக் கூட்டி வித்தியாசத்தை அகலமாக்குங்கள்.

தகட்டைத் தொடுமுன் கண்ணாடிப் பலகையில் சோதனை: எண்ணெய் மையால் ஒரு பட்டை, அதன் குறுக்கே கெட்டி மையால் இன்னொரு பட்டை. இரண்டும் வெட்டும் சதுரத்தில் முதல் நிறம் மட்டும் தெரிந்தால் சரி. கலந்திருந்தால் தகட்டிலும் கலக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. ரோலரை இரண்டாம் முறை ஓட்டியிருப்பீர்கள். முதல் ஓட்டில் ரோலரில் ஏறிய மங்கலான ஆவிப்படம் இரண்டாவதில் இடம் மாறி இறங்கும். அல்லது மைப்படலம் தடிமனாக இருக்கும். ரோலர் ஓடும்போது சர்ரென்ற மெல்லிய சத்தம் வரவேண்டும். சப்சப்பென்று கேட்டால் மை அதிகம்.

தாளும் ஒரு சந்தேகம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித்தாளை அரைமணி முதல் ஒரு மணிநேரம் ஊறவைத்து, மினுமினுப்பு போகும்வரை ஒற்றி எடுங்கள். மேல்தண்ணீர் நின்றால் எண்ணெய் மை அங்கே ஏறாது, வெள்ளைத் திட்டு விழும். ஈரத்தாள் கட்டை இரண்டு நாளுக்குமேல் மூடிவைக்க வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

#10 நாணல்

எல்லோரும் முதல் இரண்டு கேள்வியிலேயே நிற்கிறீர்கள். மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்தது. இலையை நேரே அழுத்துவதை ஏன் கீழாகப் பார்க்க வேண்டும்? இயற்கை தானே வந்து தகட்டில் கையெழுத்துப் போடுகிறது. இதைவிட நேர்மையான அவதானிப்பு ஏது?

#11 மரவரி

நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பார்த்தது யார்? பிரஸ் பார்த்தது. 1850களில் வியன்னாவின் அரசு அச்சகத்தில் அலாய்ஸ் அவுவர் ஈயத்தகட்டில் செடியை அழுத்தி அச்செடுத்தபோது அதன் நோக்கம் தாவரவியல். அற்புதமான வேலை. ஆனால் நரம்பு நரம்பாக முழு இலையும் வந்தவுடன் பார்ப்பவர் "ஆ, அரசிலை" என்று பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பெயர் வந்த இடத்தில் பார்வை நின்றுபோகிறது.

#12 நாணல்

அப்படியானால் ஒன்ச்சி கோஷிரோவை என்ன செய்வீர்கள்? 1891 முதல் 1955வரை வாழ்ந்தவர், ஜப்பானில் அரூப அச்சோவியத்தின் முன்னோடி. கடைசிக் காலத்தில் மரக்கட்டையோடு நிற்காமல் இலை, நூல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அச்சுக்கட்டையாக்கினார். 1953இல் செய்த ஒரு அச்சோவியத்தில் இலையும் மேகமும்தான் பொருள். இலை இலையாகவே இருக்கிறது, படம் அரூபமாகவும் இருக்கிறது. இலைக்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம், எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே.

#13 மரவரி

ஒப்புக்கொள்கிறேன். "முழு இலை, நடுவில், தனியாக" என்பதுதான் என் சண்டை. இலை மேல் சண்டை இல்லை.

#14 நாணல்

சரி, சமாதானம். சாஃப்ட் கிரவுண்டில் (தகட்டின் மேல் பூசும், அமிலம் தாங்கும் மென்மையான பூச்சு) இலை எடுக்க விரும்புபவர்களுக்குக் குறிப்பு:

பறித்த இலையை உடனே போடாதீர்கள். சாறு பிழிந்து கிரவுண்டைத் தூக்கிவிடும். முழுக்கக் காய்ந்த இலை நொறுங்கித் தூளாகப் படியும். செய்தித்தாளுக்கு நடுவில் இரண்டு மூன்று நாள் கனம் வைத்து, வளைத்தால் முறியாத பதத்தில் எடுங்கள். வேம்பு, புல், நாணல்பூ, நீரில் ஊறிச் சதை போன அரசிலை எல்லாம் நன்றாக வரும். வாழையிலை வராது. ஆனால் காய்ந்த வாழைமட்டையின் உட்பக்கத்துக் கண்ணறைகள் வரும். அதைப் பார்த்து வாழை என்று ஒருவரும் சொல்ல முடியாது, மரவரிக்கும் சந்தோஷம்.

கிரவுண்ட் மெல்லிசாக இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் கடின கிரவுண்டுக்குச் சமமாகக் கொழுப்போ வாசலினோ சேர்ப்பார்கள். நம் வெயிலுக்கு அதில் பாதி போதும், இல்லையென்றால் விரல் பட்ட இடமெல்லாம் அரிக்கும். இலைமேல் மெழுகுத்தாள், அதன்மேல் ஒரே ஒரு ஃபெல்ட், பிரஸ் அழுத்தம் வழக்கத்தில் பாதி. இலையைச் சாமணத்தால் காம்புப் பக்கமிருந்து தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள்.

சாஃப்ட் கிரவுண்ட் பலவீனமானது. செம்பில் ஃபெரிக் குளோரைடு என்றால் 20 முதல் 30 நிமிடம். ஃபெரிக்கில் வண்டல் குழியில் தங்கி அரிப்பை நிறுத்தும், அதனால் தகட்டைக் கவிழ்த்தோ செங்குத்தாக நிறுத்தியோ வையுங்கள். துத்தநாகத்தில் நைட்ரிக் என்றால் 1:12 அளவுக்கு நீர்த்தது. குமிழியைப் பறவை இறகால் மெல்ல ஒதுக்க வேண்டும். குமிழி நின்ற இடத்தில் அரிக்காமல் வெள்ளைப் புள்ளி விழும்.

இலையைக் கிழித்துத் துண்டாக வைப்பது, ஒரே இலையை மூன்று திசையில் மூன்று முறை வெவ்வேறு நேரம் அரிப்பது, பிறகு பாதியைச் சுரண்டி அழிப்பது என்று போனால்தான் மாதிரித்தாள் அச்சோவியம் ஆகும்.

#15 கல்லச்சு

லித்தோகிராஃபியை (கல்லில் கொழுப்பு மையால் வரைந்து அச்செடுப்பது) யாரும் தொடவில்லையே? நீரை நீராகவே வைத்து வேலை வாங்குவது அங்கேதான். டுஷ் என்ற கொழுப்பு மையைத் தண்ணீரில் கரைத்து ஸோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் ஊற்றிவிட்டால், உலரும்போது கொழுப்புத் துகள்கள் தானாக வலை வலையாகக் கூடும். பிரெஞ்சுக்காரர்கள் தேரைத்தோல் என்பார்கள். வற்றும் குட்டையின் ஓரத்தில் நடப்பதும் இதுவும் ஏறத்தாழ ஒரே வேலை.

மின்விசிறி போட்டு உலர்த்தினால் வலை சிதறும். நிழலில் தானாக உலரவிட்டால் ஒழுங்காகக் கூடும், ஒரு இரவு ஆகலாம். வாலைவடித்த நீருக்கும் நம் போர்வெல் தண்ணீருக்கும் வலையே வேறு, உப்பு அதிகமென்றால் துகள்கள் கட்டிதட்டும். பிறகு மெல்லிய சாயல்களுக்குப் பலவீனமான எட்ச் போதும்: 30 மி.லி. அரபிக் பிசினுக்கு நைட்ரிக் ஐந்தாறு சொட்டு. கூடிப்போனால் மெல்லிய சாயல் எரிந்து வெறுமையாகிவிடும். குறைந்தால் அச்சடிக்க அடிக்கக் கறுத்து அடைத்துக்கொள்ளும்.

#16 மரவரி

மரத்துக்கு வருகிறேன். மரம் ஏற்கனவே தன் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறது. பேக்கிங் பெட்டிக்கு வரும் பைன் பலகை போதும். கம்பி பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே 10, 15 நிமிடம் அழுத்தித் தேய்த்தால் வசந்தகாலத்து மென்மையான வளர்ச்சி உதிர்ந்து, கடினமான கருவரி எழுந்து நிற்கும். குறுக்கே தேய்த்தால் எல்லாம் சிராய்ப்பு. புளோ டார்ச்சால் லேசாகக் கருக்கிவிட்டுத் தேய்த்தால் இன்னும் ஆழம் வரும். மை படலம் மிக மெல்லிசு, கரண்டியின் முதுகால் கையாலேயே அழுத்துங்கள். முதல் இரண்டு மூன்று பிரதி மங்கலாக வரும், மரம் குடிக்கும். மங்கல் என்று மை கூட்டினால் வரிப்பள்ளம் அடைந்துவிடும், பிறகு பல் துலக்கும் பிரஷ்தான் கதி.

அமெரிக்க அரூப ஓவியர் ஹெலன் ஃபிராங்கந்தாலர் 1973இல் முதல் மரச்செதுக்கைச் செய்தபோது பலகையைச் செதுக்குவதைவிட ஜிக்ஸா ரம்பத்தால் வடிவங்களாக அறுத்து, தனித்தனியாக மை போட்டுச் சேர்த்தார். மரவரி நிறத்துக்குள்ளேயே ஓடும். 1977இல் அச்சாளர் கென் டைலரின் பட்டறையில் செய்த மல்பெரி அச்சோவியத்துக்கு அங்கே வெளியே நின்ற மல்பெரி மரம்தான் தூண்டுதல். பழச்சாற்றின் நிறத்தையே தேடிப் போனார். மரத்தின் படம் அதில் இல்லை.

நாவல்பழச்சாற்றை மையில் கலக்கலாமா என்று யாராவது கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்: சோதனைக்குச் சரி, எடிஷனுக்கு (எண்ணிட்ட பிரதி வரிசைக்கு) வேண்டாம். அந்தச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும், தாளில் காரத்தன்மை இருந்தால் ஊதா நீலமாகத் திரியும். சாற்றை ஒரு தாளில் தேய்த்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும்படி நிலையான நிறமியைக் கலப்பதே வழி.

#17 உப்புக்காற்று

வெடித்த களிமண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரூபப் படங்களில் அதிகம் பொய் சொல்லப்படும் இடம் அதுதான். கண்டபடி கோடுகளை எக்ஸ் வடிவில் வெட்டிக்கொள்ளவிட்டு "வறண்ட ஏரி" என்பார்கள். ஏரியில் போய்ப் பாருங்கள். முதல்முறை காயும் சேற்றில் புதிய வெடிப்பு பழைய வெடிப்பைத் தொட்டதும் நின்றுவிடும், பெரும்பாலும் செங்கோணத்தில், டி வடிவில். இழுவிசை அங்கே ஏற்கனவே தளர்ந்துவிட்டது, தாண்டிப் போகக் காரணமில்லை. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்த மண்ணில்தான் முச்சந்திகள் மெல்ல ஒய் வடிவத்துக்கு, 120 டிகிரிக்கு நகரும். எந்தக் கோடு முதலில் பிறந்தது என்று அச்சோவியத்தில் படிக்க முடிந்தால் அது பார்த்துச் செய்தது.

கொலாகிராஃபில் (அட்டையில் ஒட்டியும் பூசியும் செய்யும் அச்சுத்தகடு) இதை வரையவே வேண்டாம். 2 மி.மீ. அட்டையில் பெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தடிமனாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மேலே அக்ரிலிக் வண்ணம் ஒரு பூச்சு. மேற்பூச்சு முந்திக் காய்ந்து வெடிக்கும். முழுக்க உலர்ந்தபின் அரக்கு வார்னிஷ் முன்னும் பின்னும் இரண்டு பூச்சு. பின்பக்கத்தை மறந்தால் ஈரத்தாளின் தண்ணீரைக் குடித்து அட்டை ஊதிவிடும்.

#18 பாசிமணல்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். அச்சில் இடம் வலம் மாறிவிடுமே. சுழியோ கொடியோ சங்கோ, சுற்றும் திசை தலைகீழாகிவிடாதா? அரூபம் என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டாமா?

#19 செம்புத்தகடு

மாறும். தகட்டில் வலம்புரி என்றால் தாளில் இடம்புரி. இதில் ரெம்ப்ராண்ட்டே மாட்டியிருக்கிறார். 1650இல் ஒரு சங்குச் சிப்பியைப் பார்த்தபடியே செம்பில் கீறினார். அச்சில் சுருள் அந்த இனத்துக்கு இல்லாத திசையில் போகிறது. வேடிக்கை என்னவென்றால் தன் கையெழுத்தை மட்டும் கவனமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

அரூபத்தில் சிப்பி இனம் கேட்டு யாரும் வரப்போவதில்லை. ஆனால் படத்துக்குள் எடை மாறும். இடமிருந்து வலம் படித்துப் பழகிய கண்ணுக்கு வலப்பக்கம் இறங்கும் கோடு சரிவு, வலப்பக்கம் ஏறும் கோடு ஏற்றம். அலை கரைக்கு வருவதா, கரையைவிட்டுப் போவதா என்பதே இதனால் மாறிவிடும்.

கரையில் போட்ட 20 அஞ்சலட்டையையும் தகட்டுக்குப் போகுமுன் ஒரு கைக்கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கண்ணாடியில் செத்துப்போகும் ஸ்கெட்ச்சை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்துப் புரட்டித் தகட்டுக்கு மாற்றுங்கள். மற்றவற்றை நேராகவே கீறலாம்.

#20 ஈரத்தாள்

காலை ஆறரை மணி, 27 டிகிரி, கண்ணாடிச் சோதனையில் சதுரம் சுத்தமாக வந்தது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி மைக்கு ஒன்றேகால் டீஸ்பூன், கெட்டி மையில் மக்னீசியம் இரண்டு சிட்டிகை. எட்டு மணிக்கு அதே மை மறுபடி கலந்தது. மின்விசிறியை மைப்பலகைமேல் திருப்பி வைக்கலாமா?

#21 செம்புத்தகடு

வேண்டாம், தூசி விழும். கண்ணாடிப் பலகைக்கு அடியில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய தட்டையான எவர்சில்வர் தட்டு வையுங்கள். மேலே வியர்த்தால் ஐஸைக் குறையுங்கள், ஒரு சொட்டு தண்ணீர்கூட மையில் சேரக்கூடாது.